அப்பாவோட பழைய கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கா? புது பார்ட் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

"சிஸ்டம் ஆன் ஆகுறதுக்குள்ள டீ போட்டுக் குடிச்சிடலாம்பா. ஏதாவது புதுசா வாங்கிப் போட்டா சரியாகுமான்னு பாரேன்..." ஊரில் இருக்கும் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ இப்படி ஒரு போன் உங்களுக்கும் வந்திருக்கும். பத்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய டெஸ்க்டாப்பாக இருக்கலாம். பிள்ளை காலேஜ் படிக்கும்போது பயன்படுத்திய லேப்டாப்பாக இருக்கலாம். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளும் உண்டு. பென்ஷன் பேப்பர், ஈபி பில், குடியிருப்போர் சங்கத்துக் கணக்கு, பேரன் போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்கும் ஒரே ஒரு பார்ட்டை மாற்றினாலே போதும், வேகம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் தப்பான பார்ட்டை வாங்கினால் பணம் வீண். அதைவிட முக்கியம், அவசரத்தில் எல்லாத்தையும் அழித்துவிட்டு புதுசா விண்டோஸ் போட்டால் அப்பா வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த ஃபைல்கள் போய்விடும். பணத்தை மறுபடி சம்பாதிச்சிடலாம், அந்த ஃபைல்கள் திரும்பக் கிடைக்காது.

'ஸ்லோ'ன்னா என்ன ஸ்லோ?

முதலில் இதைக் கேட்டுடுங்க. ஆன் ஆக நேரமாகுதா? ஆன் ஆன பிறகு பிரவுசர் மட்டும் திக்குதா? இல்ல, இன்டர்நெட்டே மெதுவா? வைஃபை சிக்னல் வராத அறையில் உட்கார்ந்துகொண்டு 'கம்ப்யூட்டர் ஸ்லோ' என்று சொல்பவர்கள் நிறைய பேர். அவர்களுக்கு எந்த பார்ட் வாங்கிப் போட்டாலும் பலன் இருக்காது.

இன்னொரு வகையும் உண்டு. 'எந்த வெப்சைட்டும் திறக்க மாட்டேங்குது, பாதுகாப்பில்லைன்னு வருது' என்று அம்மா சொன்னால், ஸ்கிரீன் ஓரத்தில் தேதி என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். பல வருஷம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கரன்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். தேதி தப்பாக இருந்தால் வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் அந்த பேட்டரியை மாற்ற நாணயம் மாற்றும் நேரம்தான் ஆகும். விலையும் மிகக் குறைவு.

எது இழுக்குதுன்னு கம்ப்யூட்டரே சொல்லும்

கீபோர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யச் சொல்லி, அதில் 'பெர்ஃபாமன்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். 'டிஸ்க்' 100 சதவீதத்திலேயே நின்றுகொண்டிருந்தால் ஹார்ட் டிஸ்க்தான் இழுக்கிறது. 'மெமரி' 85, 90 சதவீதத்தைத் தாண்டினால் ரேம் பத்தவில்லை. பழைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் மாட்டுவது முதல் ஆள்தான்.

காரணம் எளிது. ஹார்ட் டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும் ஒரு தட்டும், அதன்மேல் நகரும் ஒரு முள்ளும் இருக்கின்றன. விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடும். ஒவ்வொன்றுக்கும் முள் ஓடிப் போய் ஓடி வரணும். எஸ்எஸ்டியில் சுற்றுவது, நகர்வது என்று எதுவுமே கிடையாது, எல்லாம் சிப். அதனால்தான் மூன்று நிமிடம் எடுத்தது அரை நிமிடத்தில் முடிகிறது.

பழைய மெஷினுக்கு வாங்க வேண்டியது 2.5 இன்ச் 'சாட்டா' எஸ்எஸ்டி. கடையிலோ ஆன்லைனிலோ 'என்விஎம்இ' என்று ஒன்று இதைவிடப் பல மடங்கு வேகம் என்று காட்டுவார்கள். அது சூயிங்கம் பட்டை மாதிரி நீளமாக இருக்கும். பழைய போர்டில் அதைச் சொருக இடமே இருக்காது, வாங்காதீங்க. சாட்டாவின் உச்ச வேகமான நொடிக்கு 550 எம்பி அளவைப் பழைய போர்டு முழுசாகத் தராவிட்டாலும் கவலை இல்லை. ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் அப்போதும் பெரிசுதான். பிரவுசரும் போட்டோவும் மட்டும் என்றால் 256 ஜிபி போதும். கொஞ்சம் கூட ஆனாலும் 500 ஜிபி வாங்கினால் பிறகு தலைவலி இல்லை. டெஸ்க்டாப்புக்கு ஒரு சாட்டா டேட்டா கேபிளையும் சேர்த்து வாங்கிடுங்க. எஸ்எஸ்டி பெட்டிக்குள் அது பெரும்பாலும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் சிபியு பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளுக்கு அலையறது கொடுமை!

'2 டிபி எஸ்எஸ்டி, வெறும் சில நூறு ரூபாய்' என்று வரும் விளம்பரங்களை அப்படியே தள்ளிவிடுங்கள். அந்த விலைக்கு அந்த அளவு கிடைக்கவே கிடைக்காது. உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து, அளவை மட்டும் பெரிதாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். ஃபைல்களைப் போடும்போது போன மாதிரி இருக்கும், திறக்கும்போது ஒன்றும் இருக்காது.

ரேம்: நம்பரைப் பார்க்காம வாங்காதீங்க

டிடிஆர் 3, டிடிஆர் 4 இரண்டும் பார்க்க ஒன்று மாதிரி இருக்கும். ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் வரும். ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று போகாது. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 'ஸ்பீடு' என்று 1333 அல்லது 1600 காட்டினால் பெரும்பாலும் டிடிஆர் 3. 2400, 2666 என்று இருந்தால் டிடிஆர் 4. எத்தனை ஸ்லாட் இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் அதே இடத்தில் தெரியும். குழப்பமாக இருந்தால் பழைய ரேமைக் கழற்றிக் கையோடு எடுத்துட்டுப் போங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டானாலும் சரி, உங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையானாலும் சரி, பார்த்த உடனே அதே வகையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு பொறி இருக்கிறது. செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதற்குள் 'அபவுட்' போய்ப் பாருங்கள். '32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம்' என்று இருந்தால், நீங்கள் 8 ஜிபி போட்டாலும் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. பழைய வீட்டு கம்ப்யூட்டர்களில் இது சகஜம். 64 பிட் விண்டோஸை புதிதாகப் போட்டால்தான் அந்த ரேமுக்கு வேலை.

புது பார்ட் போட்டா விண்டோஸ் 11 வருமா?

வராது. குறைந்தபட்சம், எஸ்எஸ்டியும் ரேமும் போட்டதால் வராது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பிராசஸர் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இருக்கணும். இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. 2017-க்கு முன் வாங்கிய மெஷின் என்றால் பெரும்பாலும் ஆசையை விட்டுடலாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. பதிவு செய்துகொள்ளும் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செட்டிங்ஸைத் தங்கள் கணக்கோடு சிங்க் செய்பவர்களுக்கு இது இலவசம். இதைச் செய்யாத கம்ப்யூட்டரில் அப்பா நெட் பேங்கிங் பார்த்துக்கொண்டிருந்தால், முதல் வேலையாக அதை நிறுத்தச் சொல்லுங்க. விண்டோஸ் 7-லேயே இருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். அதற்கு 2023-க்குப் பிறகு புது குரோமே கிடையாது.

இதனால் பழைய மெஷினைத் தூக்கிப் போடணும் என்று இல்லை. கடிதம் டைப் அடிக்க, கணக்கு எழுத, போட்டோ பார்க்க அது தாராளமாக ஓடும். லினக்ஸ் மின்ட் போன்ற இலவச சிஸ்டம் போட்டால் பாதுகாப்பாக நெட்டும் பார்க்கலாம். ஆனால் 'ஸ்டார்ட் பட்டன் எங்க போச்சு?' என்று தினமும் போன் வரும். அதற்குத் தயார் என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்க. பணம் கட்டுவது மொபைலிலோ வேறு புது கம்ப்யூட்டரிலோ நடக்குது என்றால், எஸ்எஸ்டிக்குச் செலவு செய்வதில் தப்பே இல்லை.

கை வைக்கறதுக்கு முன்னாடி: ஃபைல்கள்

பிள்ளைகள் பொதுவாக 'மை டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரைக் காப்பி எடுத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள். பெரியவர்கள் அங்கே வைப்பதே இல்லை. டெஸ்க்டாப்பில் இருக்கும், டி டிரைவில் 'நியூ ஃபோல்டர் 3'-க்குள் இருக்கும், டவுன்லோட்ஸில் கிடக்கும். டேலி டேட்டா ஒரு இடத்தில், ஸ்கேன் செய்த பத்திரம் ஒரு இடத்தில். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'எதெது முக்கியம், எங்க இருக்கு?' என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் இதில் சேர்த்தி.

இன்னொன்று நம் ஊர் கம்ப்யூட்டர்களுக்கே உரியது: தமிழ் ஃபான்ட். யுனிகோடு பரவலாகும் முன்பு பாமினி, வானவில் அவ்வையார் போன்ற ஃபான்ட்களில்தான் டைப் அடித்தார்கள், இன்றும் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஃபைலுக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். ஃபான்ட்தான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. புது விண்டோஸில் அந்த ஃபான்ட் இருக்காது. ஃபைல் பத்திரமாக இருந்தும், திறந்தால் அப்பா எழுதிய கவிதையும் கோயில் திருப்பணிக் கணக்கும் புரியாத கிறுக்கலாகத் தெரியும். எனவே சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரையும், அவர் பயன்படுத்தும் தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் எது என்பதையும் குறித்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டைப்ரைட்டர் முறையில் பழகின கை, புது கீபோர்டு முறைக்கு அவ்வளவு சுலபமாக மாறாது.

இந்தக் கஷ்டம் எல்லாம் வேண்டாம் என்றால் 'குளோன்' செய்வதுதான் வழி. பழைய டிஸ்க்கில் இருப்பதை ஃபான்ட், பாஸ்வேர்டு, வால்பேப்பர் உட்பட அப்படியே எஸ்எஸ்டிக்கு மாற்றும் முறை இது. சாம்சங், குரூஷியல் போன்ற நிறுவனங்கள் தங்கள் எஸ்எஸ்டி வாங்குபவர்களுக்கு இதற்கான சாஃப்ட்வேரை இலவசமாகத் தருகின்றன. விண்டோஸ் நன்றாக இருக்கிறது, மெதுவாக மட்டும் இருக்கிறது என்றால் குளோன்தான் நல்லது. அப்பாவுக்கு எதுவும் மாறின மாதிரியே தெரியாது. வைரஸ் தொல்லை இருந்தாலோ 32 பிட் என்றாலோ மட்டும் புதிதாகப் போடுங்கள். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் குளோன் எல்லாம் பிறகு, முதலில் முக்கியமான ஃபைல்களை மட்டும் வெளியே எடுத்துடுங்க.

மாட்டும்போது

பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். எதையும் கழற்றும் முன் மொபைலில் ஒரு போட்டோ. ரேமை இரண்டு பக்கமும் 'க்ளிக்' என்று பூட்டும் வரை அழுத்தணும். மாட்டியதும் பீப் பீப் என்று கத்தினால் பயப்படாதீங்க, பெரும்பாலும் ரேம் சரியாக உட்காரவில்லை. கழற்றி, தங்க நிறப் பட்டையைப் பென்சில் ரப்பரால் லேசாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு மறுபடி மாட்டுங்கள். லேப்டாப் என்றால், குறிப்பாக பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல் என்றால், கடையில் கொடுப்பதே மேல். ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க்கை மறக்காமல் கேட்டு வாங்குங்க. வீட்டு ரகசியம் முழுக்க அதில்தான் இருக்கு.

நீங்க வெளியூர்ல இருந்தா?

பார்ட்டை மாட்ட ஊர்க்காரர் ஒருவர் போதும். செட்டிங்ஸை நீங்கள் தூரத்திலிருந்தே பார்க்கலாம். விண்டோஸிலேயே 'குயிக் அசிஸ்ட்' இருக்கிறது. உங்கள் பக்கம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் ஒரு கோடு வரும், அதை அப்பா தன் கம்ப்யூட்டரில் டைப் செய்தால் அவர் ஸ்கிரீன் உங்களுக்குத் தெரியும்.

மோசடிக்காரர்களும் இதே வழியில்தான் வருகிறார்கள் என்பதால், சொல்லிக்கொடுக்கும்போதே இதையும் சொல்லுங்க: 'நான் கால் பண்ணி, என் குரலைக் கேட்டாதான் கோடு போடணும். பேங்க்லேர்ந்து பேசறோம், மைக்ரோசாஃப்ட்லேர்ந்து பேசறோம்னு யார் சொன்னாலும் போடக்கூடாது.' பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு அடிக்கணும். அந்த எண்ணை மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டுவது இன்னும் நல்லது.

பழைய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்யறது?

உடனே அழிக்காதீங்க. ஒன்றிரண்டு மாதம் அப்படியே ஒரு துணியில் சுற்றி பீரோவில் வையுங்கள். 'அந்த எல்ஐசி ஃபைல் காணோமே' என்ற போன் அதற்குள் வந்துவிடும். பிறகு யுஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கி அதில் போட்டால் பேக்கப் டிஸ்க் ஆகிவிடும். லேப்டாப் டிஸ்க்குக்கு யுஎஸ்பி கரன்ட்டே போதும். டெஸ்க்டாப்பின் 3.5 இன்ச் டிஸ்க்குக்குத் தனி அடாப்டரோடு வரும் கேஸாகப் பார்த்துக் கேட்டு வாங்கணும்.