மணக்கோலப் படமும் பென்சில் முனையும்

1852ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் திகதி, விக்டோரியா மகாராணியார் தம் மக்கள் ஐவருடன் அமர்ந்து படமெடுத்துக்கொண்டார். எடுத்தவர் வில்லியம் எட்வர்ட் கில்பர்ன் என்பவர். பிள்ளைகளின் உருவங்கள் அழகாகவே விழுந்திருந்தன. ஆனால் மகாராணியாரின் கண்களோ மூடியிருந்தன. அவர் செய்த திருத்தம் மிக எளியது. தகட்டிலே தமது முகம் இருந்த இடத்தைச் சுரண்டி அழித்துவிட்டார். இரண்டு நாள் கழித்து மீண்டும் படமெடுத்தபோது, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பெரிய தொப்பியொன்றினுள் மறைத்துக்கொண்டார்.

அந்நாளில் அதற்கு வேறு வழியும் இருக்கவில்லை. 1839இல் பிரான்ஸ் நாட்டில் வெளியிடப்பட்ட டாகரின் முறைப்படி, வெள்ளி பூசிய செப்புத் தகட்டின் மேல் உருவம் நேரே பதியும். ஒரு தகடு, ஒரே படம். அதிலிருந்து பிரதிகள் அச்சிட முடியாது. விரல் பட்டாலே கெட்டுவிடும் அப்பரப்பில், வண்ணப்பொடியைத் தூரிகை நுனியால் இட்டுக் கன்னத்துக்குச் செம்மையும் நகைக்குப் பொன்னிறமும் ஊட்டலாம். அதற்குமேல் முகத்தைத் தீண்ட முடியாது.

1858 ஜனவரி 25ஆந் திகதி மகாராணியாரின் மூத்த மகளுக்குத் திருமணம். தாய், தந்தை, மணமகள் மூவரையும் அன்று டி. ஆர். வில்லியம்ஸ் என்பவர் படமெடுத்தார். அன்னையார்க்கு உடல் நடுங்கியது. நடுங்கியதாலேயே தம் உருவம் தெளிவின்றி விழுந்துவிட்டதென அவரே தமது நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் மூடிய கண்களைப் பொறாது தகட்டைச் சுரண்டிய அதே அம்மையார், இக்கலங்கிய உருவத்தை அப்படியே விட்டுவைத்தார். பதினேழு வயது மகளைப் பிறநாட்டுக்கு மணமுடித்து அனுப்பும் தாயின் நிலையை அந்தக் கலக்கமே காட்டுகின்றது. தேர்ந்த கைகளால் திருத்தப்பட்டிருப்பின் அது எஞ்சியிராது.

திருத்தும் கைகளுக்கு இடமளித்தது கண்ணாடித் தகடு. 1851இல் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறையில், முதலிற் கண்ணாடியில் நெகட்டிவ் என்னும் எதிர்ப்படம் கிடைக்கும். அதிலிருந்து வேண்டிய அளவு பிரதிகளைத் தாளில் அச்சிடலாம். நெகட்டிவில் ஒருமுறை செய்த திருத்தம் எல்லாப் பிரதிகளிலும் வந்து சேரும். ஜேர்மனியின் மியூனிக் நகரத்து பிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல் என்பவர், 1855இல் நடந்த பாரிஸ் உலகக் கண்காட்சியில், ஒரே முகத்தின் திருத்திய படத்தையும் திருத்தாத படத்தையும் காட்டிப் பார்த்தோரை வியப்பில் ஆழ்த்தினார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவர் முன்னர் கல்லச்சு ஓவியராக இருந்தவர். பென்சில் அவருக்குப் பழகிய கருவி.

இதனை வெறும் முகத்துதி என்று ஒதுக்குதல் நியாயமன்று. அக்காலத் தகடு நீலத்தையும் ஊதாவையுமே நன்கு உணர்ந்தது. சிவப்பையும் மஞ்சளையும் அது பெரும்பாலும் அறியாது. வெள்ளையர் முகத்தில் கண்ணுக்கு மெல்லெனத் தெரியும் பழுப்புப் புள்ளிகள் படத்திலே கரும்புள்ளிகளாயின. சிவந்த கன்னம் இருண்டது. நீலக் கண்கள் வெளிறிப் போயின. அத்தகைய தகட்டின் முன்னே நம்மவர் மணப்பெண் ஒருத்தி நின்றால், செந்நிறக் கூறைச் சேலையும் நெற்றிக் குங்குமமும் கறுத்தே விழும். மஞ்சள் பூசிய முகமும் உள்ளதினும் கருமையாகத் தோன்றும். ஆகவே தகடு சொன்ன பொய்யைத் திருத்தி மெய்யை மீட்பதே பென்சிலின் முதற் கடமையாயிற்று. அக்கடமை எங்கே முடிந்தது, முகத்துதி எங்கே தொடங்கியது என்று கோடு கிழித்துக் காட்டுவது எளிதன்று.

ஸ்டூடியோக்காரர் 'டச்சிங்' என வழங்கும் அத்தொழில் நடந்த விதம் இது. சாய்ந்த மேசையொன்றின் நடுவே நெகட்டிவைப் பொருத்துவர். கீழே வைத்த கண்ணாடி, சன்னல் வெளிச்சத்தை அதனூடே மேல்நோக்கி அனுப்பும். பென்சில் பிடிக்கும் பொருட்டு, டேர்பன்டைனிற் கரைத்த குங்கிலியத்தைத் தகட்டின் மேல் மெல்லத் தேய்ப்பர். பென்சிலின் கூரை உப்புத்தாளில் ஊசிபோல நீளத் தீட்டுவர். முகத்திலுள்ள சுருக்கமும் தழும்பும் நெகட்டிவில் ஒளி ஊடுருவும் வெற்றிடங்களாகத் தெரியும். அவ்விடங்களை நுண்ணிய கீற்றுக்களால் அயலிடத்தின் அடர்த்திக்கு நிரப்பினால், அச்சிலே அவை மறையும். இதற்கு மாறானது கத்தி. நெகட்டிவில் அடர்ந்த இடத்தைக் கத்தியாற் சுரண்டினால் அச்சிலே அது கறுக்கும். கரிய திரையின்முன் வெள்ளுடையில் நின்ற மணமகளின் இடை சிறுத்தது இவ்விதமே.

தொழில் பயில வந்த இளைஞன் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றே: நிறுத்தத் தெரியாமை. நெற்றிக் கோட்டை நிரப்புவான். மூக்கடியிலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பையும் நிரப்புவான். முடிவில் முகம் முட்டை ஓடுபோல் வழவழக்கும். கழுத்து மாத்திரம் நாற்பது வயதிலேயே நிற்கும். மணமகளுக்குப் பக்கத்தில் நிற்கும் தாய் அவளுடைய தங்கை போலாகிவிடுவாள். கோட்டை அழிக்காமல், அதன் ஆழத்தைச் சற்றுக் குறைப்பதே தேர்ந்தவன் செயல். கோட்டுக்கு அடியில் இருப்பது எலும்பும் தசையும். அவற்றின் அமைப்பாலேதான் ஒருவர் முகம் அவருடையதாகின்றது.

இத்தொழிலின் கடும் பகைவர் பீற்றர் ஹென்றி எமர்சன். 1889இல் வெளிவந்த தமது நூலில், புகைப்படத்தின் மேல் கைவேலை செய்வதையே அவர் கண்டித்தார். அவர் வயிற்றுப் பிழைப்புக்காகப் படமெடுத்தவரல்லர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அவருக்கு முன்பே ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் கீறலையும் கறையையும் கூடத் தம் படங்களில் விட்டுவைத்து, விமர்சகரின் ஏளனத்துக்கு ஆளானார். நெகட்டிவ் என்ற சொல்லையே புழக்கத்துக்குக் கொணர்ந்த சேர் ஜோன் ஹேர்ஷலை 1867இல் அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. எழுபத்தைந்து வயதின் சுருக்கம் ஒன்றேனும் அதில் மறைக்கப்படவில்லை. 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறிய அவ்வம்மையார் 1879இல் மலைநாட்டிலே காலமானார்; அவரது கல்லறை பொகவந்தலாவையில் உள்ளது.

1873இல் பேர்லினில் ஹேர்மன் வோகல் என்பவர், சாயம் சேர்த்தால் தகடு பிற நிறங்களையும் உணரும் எனக் கண்டார். 1906 அளவில் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் கடைக்கு வந்தன. தகடு பொய் சொல்வது குறைந்தது. பென்சிலுக்கோ வேலை குறையவில்லை. மணவீட்டார் அதற்குள் வழவழத்த முகத்துக்குப் பழகிவிட்டிருந்தனர். 1990இல் போட்டோஷாப் கணினிக்கு வந்தது. 2002இல், தழும்பை அயற்றோலின் தன்மையோடு நிரப்பும் தூரிகையொன்று அதில் சேர்ந்தது. பல மாதம் பயின்றாலன்றிக் கைவராத வேலை சில நொடிகளில் முடிகின்றது.

ஆயினும் பழைய மேசையின் வழக்கம் ஒன்றைப் புதிதாகப் பயில்வோர் கைக்கொள்ளலாம். பென்சில் வேலை மிகையாய்விட்டால், டேர்பன்டைன் தோய்த்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்க இயலும். கத்தி பட்ட இடமோ மீளாது. ஆதலின் அனுபவசாலிகள் கத்தியைக் கடைசியிலேயே எடுத்தனர். கணினியிலும் மூலப்படத்தைத் தீண்டாது, அதன்மேல் வேறோர் அடுக்கு விரித்து அதிலே வேலை செய்யலாம். வேண்டாதபோது அவ்வடுக்கை நீக்கினால், மணநாளன்று கமெரா கண்ட முகம் அடியில் அப்படியே இருக்கும்.