பரமேஸ்வராவும் பெர்மைசூரியும்

இடைநிலைப்பள்ளியில் மலாக்காவின் வரலாறு படிக்கும்போது, “பரமேஸ்வரா நம்ம ஆளுதானே?” என்று வகுப்பில் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பெயரை யார் யாரெல்லாம் தாங்கியிருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தால், அவ்வளவு சுலபமாகச் சொந்தம் கொண்டாட முடியவில்லை.

பரமேஸ்வரன் என்றால் சிவன். ஆனால் 7-ஆம் நூற்றாண்டிலேயே அது பல்லவ அரசர்களின் பெயராகிவிட்டது. காஞ்சிபுரத்து வைகுந்தப் பெருமாள் கோயிலின் பழைய பெயர் பரமேச்சுர விண்ணகரம். பெருமாள் கோயிலுக்குச் சிவன் பெயரா? இல்லை, அது அரசனின் பெயர்.

கம்போடியாவில் 802-இல் பேரரசனாக முடிசூடிய இரண்டாம் ஜெயவர்மனுக்கு, இறந்த பிறகு வழங்கிய பெயர் பரமேஸ்வரன். ஜாவாவில் 15-ஆம் நூற்றாண்டில் மஜாபாஹிட்டை ஆண்ட அரசி சுகிதாவின் கணவரும் பரமேஸ்வரா என்றே அழைக்கப்பட்டார். இவர்கள் யாரும் தமிழர்கள் இல்லை.

நம்ம மலாக்காக்காரர் பலெம்பாங்கிலிருந்து வந்தவர். அந்தப் பெயருக்கு ‘மிகத் துணிந்தவன்’ என்று பொருள் என எழுதினார் போர்த்துக்கீசியரான தோமே பிரேஸ். சிவனைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. 1411-இல் அவர் சீனப் பேரரசரைப் பார்க்கப் போனதை மிங் ஆவணங்கள் இதே பெயரின் சீன ஒலிப்போடு குறித்திருக்கின்றன. ஆனால் மலாக்காவின் சொந்தக் கதையைச் சொல்லும் ‘செஜாரா மெலாயு’வில் இந்தப் பெயர் இல்லை. அங்கே மலாக்காவை நிறுவியவர் இஸ்கந்தர் ஷா. அவருக்குப் பின் வந்த சுல்தான்களில் ஒருவர் மட்டும் ஸ்ரீ பரமேஸ்வர தேவ ஷா என்ற பட்டத்தில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்.

அப்படியென்றால் பெயர் செத்துப்போச்சா? இல்லை. அதன் பெண்பாலான ‘பரமேஸ்வரி’ மலாயில் ‘பெர்மைசூரி’ ஆகி, அரசி என்ற பொருளில் நிலைத்துவிட்டது. நம் பேரரசியாரின் பட்டம் ராஜா பெர்மைசூரி அகோங். திரெங்கானுவில் பண்டார் பெர்மைசூரி என்று ஓர் ஊரே இருக்கிறது. ஈப்போ பொது மருத்துவமனையின் பெயரிலும் அந்தச் சொல் உண்டு.

ஆக, பெயரை வைத்து அவர் தமிழர் என்று வாதாடினால் வழக்கு நிற்காது. பதிலுக்கு, “இந்தப் பெயருக்கும் இந்த நாட்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்று யாராவது கேட்டால் அதுவும் நிற்காது. தினமும் மலாயில் செய்தி வாசிப்பவர்களே அதை உச்சரித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்.