கணவாயும் கல்சியமும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கரைகளில் வலைஞர் கொணரும் கணவாயைக் கறிக்குரிய பொருளாகவே பலரும் அறிவர். ஆயின், நரம்புகள் தம்முட் செய்தி பரிமாறும் முறையை விஞ்ஞானிகளுக்கு உணர்த்திய உயிரினங்களுள் கணவாயினம் முதன்மையானது என்பதை அறிந்தோர் சிலரே.

இவ்வரலாறு ஒரு தவறிலிருந்து தொடங்குகின்றது. இலண்டன் மருத்துவர் சிட்னி றிங்கர், தவளையின் இதயம் வெறும் உப்புக் கரைசலிலே துடிப்பதாகக் கருதினார். காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய்நீரே அக்கரைசலிற் சேர்ந்திருந்தமை பின்னரே தெரியவந்தது. தூய நீரிற் செய்த கரைசலிலோ துடிப்பு ஓய்ந்தது. குழாய்நீரிற் கரைந்திருந்த கல்சியமே இதயத்தை இயக்கியது என 1883இல் அவர் வெளியிட்டார்.

இதயத்துக்கு இன்றியமையாத கல்சியம் நரம்புக்கும் வேண்டுமோ? இவ்வினாவுக்கு விடை காணக் கணவாய் துணைபுரிந்தது. அதன் பெருநரம்பிழை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வரை பருத்தது. அதன் சிறப்பினை 1936இல் ஜே. இசட். யங் எடுத்துக்காட்டினார். கணவாயின் பெருநரம்புகள் சந்திக்குமிடத்தை 1967இல் ஆராய்ந்த பேணாட் கட்ஸ், றிக்காடோ மிலெடி ஆகியோர், கல்சியம் உட்புகுந்தாலன்றி ஒரு நரம்பின் செய்தி அடுத்ததைச் சேராது என்ற கருத்துக்கு வலுவூட்டினர். 1972இல் றொடொல்போ லினாஸ் குழுவினர், சொறிமுட்டையிலிருந்து பெறப்படும் எக்குவோரின் என்னும் ஒளிரும் புரதத்தை அந்நரம்பினுட் செலுத்திக் கல்சியம் நுழைவதை ஒளியாகவே கண்டனர்.

நுழையும் கல்சியத்தை ஆள்வனவும் புரதங்களே. ஓய்வுநிலையில், வெளியே உள்ளதன் பதினாயிரத்தில் ஒரு பங்களவு கல்சிய அயன்களே நரம்புக்கலத்துள் உலவும். மின்மாற்றம் நிகழுங்கால் மென்சவ்வின் கால்வாய்ப் புரதங்கள் திறக்கும். உட்புகும் அயன்களைச் சினப்ரோதக்மின் என்னும் புரதம் உணர்ந்து, செய்திப் பொருளைத் தாங்கிய நுண்பைகளைத் திறப்பிக்கும். 1970இல் அறியப்பட்ட கல்மொடுலினோ நான்கு அயன்களைப் பற்றி உருமாறி, கல்சியத்தை வெளியேற்றும் பம்பிகளை முடுக்கும். மிகுந்த கல்சியம் வெளியேறாது தங்கின் கலமே மடியும். மூளைக்குச் செல்லும் குருதி தடைப்படுங்கால் விளையும் கேடுகளுள் இதுவும் ஒன்றாம்.

பிளிமத், நேப்பிள்ஸ், வூட்ஸ் ஹோல் ஆகிய கடலோர ஊர்கள் ஆய்வுநிலையங்களை அமைத்து, வலையில் வந்த கணவாயை ஆய்வுமேசைக்கு ஏற்றியமை இவ்வறிவின் வளர்ச்சிக்குப் பெருந்துணையாயிற்று. நிலாவெளியை அடுத்த கோணேசபுரியில் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் உண்டு. அதன் அயலிலே கடலும் உண்டு. வலையிற் கணவாயும் உண்டு. இனி வேண்டுவது, அதனை நோக்கி வினாத் தொடுக்கும் இளைய உள்ளமே.