சிங்கப்பூர்த் தமிழரின் குடிவழித் தேடல்

சிங்கப்பூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் முன்னோரைப் பங்குப் பதிவேடு, அரசுப் பதிவு, கோயில் கணக்கு, செய்தித்தாள் ஆகியவற்றின் துணையோடு கண்டறியும் முயற்சி. முன்னோரின் சமயமும் சமூகமும் எவையோ அவற்றைப் பொறுத்தே கிடைக்கும் சான்றுகளும் அமைகின்றன.

பின்புலம்: சிங்கப்பூரை ஆண்ட ஆங்கிலேயரின் நாடான இங்கிலாந்தில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பங்குதோறும் (தேவாலய வட்டாரம்தோறும்) எழுதிவைக்கும் முறை 1538இல் தொடங்கியது. 1837இல் அரசுப் பதிவு வந்தது. 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும் இடம்பெற்றது. நூறாண்டு கழித்தே அத்தாள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வரும். 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல் வெளியாயின.

மக்கள்தொகைக் கணக்கு: சிங்கப்பூரில் நிலை வேறு. இங்கே முதல் கணக்கெடுப்பு 1824இல் நடந்தது. மொத்தம் 10,683 பேரில் இந்தியர் 756 பேர். 1871 முதல், சிங்கப்பூரை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களில் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்தனர். அச்சான அறிக்கைகளில் இனவாரித் தொகைகளே உள்ளன. தனியாள் பெயரைத் தேடுவோருக்கு அவை உதவுவதில்லை.

பங்குப் பதிவேடுகள்: தொடக்கத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் குவீன் ஸ்திரீட்டிலுள்ள தூய பேதுரு பவுல் ஆலயத்தைச் சீனரோடு பகிர்ந்துகொண்டனர். 1888இல் ஓஃபிர் சாலையில் லூர்து மாதா ஆலயம் அவர்களுக்கென எழுந்தது. கத்தோலிக்கத் திருமுழுக்குப் பதிவில் குழந்தை, பெற்றோர், ஞானப் பெற்றோர் ஆகியோரின் பெயர்கள் இருக்கும். பிற்காலத்தில் அக்குழந்தைக்குத் திருமணமானால் அதே பதிவின் ஓரத்தில் குறிப்பு ஏறும். இதனால் ஒரே பக்கத்தில் இரு தலைமுறைக்கான தடயம் கிடைத்துவிடும்.

இந்துக் குடும்பங்கள்: 1872 முதலான பிறப்பு, இறப்புப் பதிவுகளே முதன்மைச் சான்று. 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம் என்னும் சட்டம் வரும்வரை, வழக்கப்படி நடந்த இந்துத் திருமணத்தைப் பதிவது கட்டாயமாக இருக்கவில்லை. ஆகவே பாட்டன், பாட்டியின் திருமணத்துக்கு எழுத்துச் சான்று இல்லாத வீடுகள் பல. நகரத்தார் எனும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் இதற்கு விலக்கு. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் (தங்கலும் தொழிலும் நடந்த கூடங்களில்) வட்டித்தொழில் நடத்தி, 1859இல் டேங்க் சாலையில் தண்டாயுதபாணி கோயிலைக் கட்டிய அவர்கள், திருமணத்தைச் செட்டிநாட்டின் ஒன்பது நகரக் கோயில்களில் தத்தமக்குரியதில் பதிந்தனர். மணமான ஒவ்வொரு தம்பதியும் அங்கே ஒரு 'புள்ளி'. சிங்கப்பூரில் பெட்டியடியில் (கிட்டங்கியில் அவரவர் தொழில் நடத்திய இடத்தில்) இருந்தவரின் வழியை இளையாற்றங்குடி, பிள்ளையார்பட்டி போன்ற நகரக் கோயில் ஊர்களில் தேட வேண்டிவருவது இதனால்தான்.

இடர்கள்: தமிழருக்குப் பொதுவாகக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர் மகனுக்குத் தலைப்பெழுத்தாகிறது, பேரன் பெயரிலோ அதுவும் மறைந்துவிடுகிறது. முத்துசாமி என்ற ஒரே பெயரை ஆங்கில எழுத்தர்கள் பலவாறு எழுதினர். 1907இல் திறந்து 1972இல் மூடப்பட்ட பிடாடரி இடுகாட்டின் கல்லறைகளும் வீடமைப்புக்காகப் பின்னர் அகற்றப்பட்டன.

இன்றைய நிலை: 1968இல் அமைந்த தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாற்றையும் திரட்டிவருகிறது. 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழின் பழைய இதழ்களைத் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் படிக்கலாம். அதில் வந்த இரங்கல் அறிவிப்புகளில் சொந்த ஊரின் பெயர் இருந்தால் அது பெரும் பேறு. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது தெரிந்தால்தான், தேடலைத் தமிழ்நாட்டு ஊர்க் கணக்குகளுக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் கொண்டுசெல்ல முடியும்.