சென்னை இயக்க நரம்பணு நோய்

மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் உள்ள இயக்க நரம்பணுக்களைச் சிதைக்கும் அரிய நோய். சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970இல் இதைத் தனி வகையாக விவரித்தார்கள். பெரும்பாலும் தென்னிந்தியாவில்தான் பதிவாகியிருக்கிறது.

பொதுவாக 30 வயதுக்குள் தொடங்குகிறது. கை கால் மெலியும். முகத்தசை தளர்வதால் சோறு கடைவாயில் தங்கும், குடிக்கும் தண்ணீர் உதட்டோரம் வழியும். நாக்கு சூம்பும், பேச்சு மூக்கால் வரும். காது மந்தமாவது முக்கிய அடையாளம். இயக்க நரம்பணு நோய்களில் ஏஎல்எஸ் என்ற கொடிய வகையில் பலர் 3 முதல் 5 ஆண்டுகளில் இறக்கிறார்கள். சென்னை வகை நோயாளிகளோ பல பத்தாண்டுகள் வாழ்வதுண்டு. நோயாளியின் குடும்பத்துக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான்.

ஏஎல்எஸ் ஆண்களிடம் சற்று அதிகம்; சென்னை வகையில் இருபாலரும் ஏறத்தாழ சமம்.

சென்னை வகையை ஒத்த பிரவுன்–வயலெட்டோ–வான் லேர் நோய் பெண்களிடமே அதிகம் பதிவாகியிருக்கிறது. ரைபோஃபிளேவின் வைட்டமினை உயிரணுவுக்குள் கொண்டுசேர்க்கும் புரதத்தின் பழுதே அதற்குக் காரணம் என்பது 2010இல் தெரியவந்தது. அதிக அளவு ரைபோஃபிளேவின் கொடுத்தால் பலர் தேறுகிறார்கள். எனவே காது மந்தத்தோடு தசை மெலிந்து வரும் இளம் நோயாளிக்கு, மரபணுச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் ரைபோஃபிளேவினைத் தொடங்குவதே முறை.