ஒரு சொல்லின் சரித்திரம்

ஆங்கிலம் கற்கும் மாணவன் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளும் சொற்களுள் 'திங்' என்பதும் ஒன்று. பெயர் தெரியாத எதனையும் அதனாற் சுட்டிவிடலாம். அத்துணைப் பொதுவான சொல்லாதலின் அகராதியில் அதனைத் தேடிப் பார்ப்பார் அரியர். ஆயின் அச்சொல் பண்டு சுட்டியது கல்லையோ கலத்தையோ அன்று. மக்கள் கூடி வழக்குத் தீர்த்த அவையையே சுட்டிற்று.

ஜேர்மானியக் குடும்பத்து மொழிகள் பலவற்றில் இச்சொல் உண்டு. ஆங்கிலமும் ஐஸ்லாந்து மொழியும் முதலெழுத்தின் பழைய ஒலியைக் காத்தன. ஜேர்மன், டச்சு மொழிகளில் அது 'டிங்' என மெலிந்தது; டேனிஷ், சுவீடிஷ், நோர்வே மொழிகளில் 'ரிங்' என வலிந்தது. இத்தாலியிற் குடியேறிய லொம்பாடியர் 'திங்ஸ்' என்றனர். அவர்தம் அரசன் ரொதாரி கி. பி. 643இல் வெளியிட்ட சட்டநூல், 'ஈட்டியவை' என்று பொருள்படும் ஒரு முறையால் உறுதி செய்யப்பட்டதென அந்நூலே கூறுகின்றது. இன்னும் பின்னோக்கிச் செல்லின், காலம் என்னும் பொருளுடைய கொதிக்கு மொழிச் சொல்லொன்று இதற்கு உறவாதல் புலனாகும். குறித்த காலத்திற் கூடுவதாதலின் அவை இப்பெயர் பெற்றதென்பர் மொழிநூலார்.

இக்கருத்துக்கு உரோம ஆசிரியர் தசித்தசு கி. பி. 98இல் எழுதிய 'ஜேர்மானியா' துணை நிற்கின்றது. ஜேர்மானியர் அமாவாசையிலோ பூரணையிலோ கூடுவர், படைக்கலத்தோடு அமர்வர், உடன்பாடாயின் ஈட்டியை அசைப்பர், அன்றேல் முணுமுணுப்பர் என அவர் எழுதுகின்றார். குறித்த நாளில் வந்து சேராது இரண்டு மூன்று நாட்களை வீணே கழிப்பர் என்று குறைகூறவும் அவர் தவறவில்லை. கூட்டங்களின் இவ்வியல்பு மிகப் பழையது போலும்!

அவைக்குக் காவலாக ஒரு தெய்வமும் இருந்தது. வட இங்கிலாந்தில் அதிரியன் மதிலையடுத்த உரோமப் பாசறையொன்றிற் கண்டெடுக்கப்பட்ட மூன்றாம் நூற்றாண்டுப் பலிபீடம், அங்குப் பணிபுரிந்த ஜேர்மானிய வீரர் 'மார்ஸ் திங்சுசு' என்னும் தெய்வத்துக்கு எடுத்தது. செவ்வாய்க்கிழமைக்கு ஜேர்மனியர் 'டீன்ஸ்டாக்' என்றும் டச்சுக்காரர் 'டின்ஸ்டாக்' என்றும் வழங்கும் பெயர்கள் இத்தெய்வப் பெயரினின்றே தோன்றின என்பது பலர் துணிபு.

அவையைக் குறித்த சொல் பொருளைக் குறிக்க வந்தது எங்ஙனம்? முதலில் அவை, பின்னர் அவையிலே பேசப்படும் வழக்கு, அதன்பின் பேசத்தக்க எந்த விடயமும், ஈற்றில் கண்ணாற் காணும் பண்டமும். இடைநிலைப் பொருள்கள் இன்றும் அழிந்துவிடவில்லை. டச்சு மொழியில் 'கெடிங்' என்பது நீதிமன்ற வழக்கு. ஜேர்மனில் 'பெடிங்குங்' என்பது நிபந்தனை, அஃதாவது பேசி முடித்துக்கொண்டது.

பழைய மக்களவைகள் வலிகுன்றியதாற்றான் சொல்லும் இழிந்து வெறும் பண்டத்தைக் குறிக்கலாயிற்று என்று கூறுதல் எளிது. கேட்போர்க்கு இனிமையும் பயக்கும். எனினும் சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. வழக்கைக் குறித்த இலத்தீன் 'கௌசா' பிரெஞ்சில் 'ஷோஸ்' எனவும் இத்தாலியத்தில் 'கோசா' எனவும் மாறிப் பொருளையே குறிக்கின்றது. ஜேர்மன் 'ஸாக்கெ' என்பதும் இவ்வழியே வந்தது. அவை மறையாத டென்மார்க்கிலும் 'ரிங்' பண்டத்தைக் குறிக்கின்றது. பொதுப்பாலில் வரின் பண்டம், நபுஞ்சகப்பாலில் வரின் அவை என இலக்கணம் அவற்றைப் பிரித்து வைத்திருக்கின்றது. ஆகவே புதுப்பொருள் பெற்றது ஒரு நிகழ்ச்சி, பழம்பொருளை இழந்தது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக்குதல் தகாது.

இழப்பின் வரலாற்றை இங்கிலாந்திற் காணலாம். ஏழாம் நூற்றாண்டிற் கெந்து நாட்டரசர் இலோதேரும் எட்ரிக்கும் விதித்த சட்டத்தில் இச்சொல் அவையைக் குறிக்கின்றது. பின்னர் 'கெமோற்' என்னும் வேறொரு சொல் அவ்விடத்தைக் கைப்பற்றிற்று. பழம்பொருள் மீண்டும் வந்தது வடநாட்டார் வாயிலாக. தலைவனொருவன் தன் இல்லத்தாரோடு கூட்டிய 'ஹூஸ்திங்' இலண்டனில் நீதிமன்றப் பெயராயிற்று. பின்னர் பாராளுமன்ற வேட்பாளர் ஏறிநின்று பேசிய மேடையைக் குறித்தது. 1872ஆம் ஆண்டின் இரகசிய வாக்குச் சட்டத்தோடு அம்மேடை ஒழிந்தபோதும், 'ஹஸ்ரிங்ஸ்' என்னும் சொல் தேர்தற் பிரசாரத்தைக் குறித்து இன்றும் வழங்குகின்றது.

வடக்கே சொல்லும் அவையும் ஒருங்கே வாழ்ந்தன. ஐஸ்லாந்தில் ஏறத்தாழ 930இல் 'அல்திங்' கூடிற்று. அங்கு அரசன் இலன். சட்டம் ஏட்டில் எழுதப்படாத அக்காலத்திலே, சட்டமுரைப்போன் ஆண்டுக்கு மூன்றிலொரு பங்காக மூவாண்டில் முழுவதையும் ஓதினான். கிறித்தவத்தை ஏற்பதென்று ஏறத்தாழ 1000இல் முடிவு செய்ததும் அவ்வவையே. 1800இல் ஒழிக்கப்பட்ட அல்திங் 1845இல் மீண்டும் கூடிற்று. நோர்வே 1814இலும் டென்மார்க்கு 1849இலும் புதிய அரசியலமைப்பு வகுத்தபோது, தத்தம் பாராளுமன்ற அவைகளுக்கு இப்பழஞ்சொல்லையே தேடியெடுத்தன. 'பெரிய அவை' என்னும் பொருளுடைய 'ஸ்ரோற்றிங்' நோர்வேயினது; 'மக்களவை' என்னும் பொருளுடைய 'போல்கெற்றிங்' டென்மார்க்கினது.

அல்திங் பண்டு கூடிய வெளிக்குத் 'திங்வெட்லிர்' என்று பெயர். அவைவெளி என்பது பொருள். 1944இல் ஐஸ்லாந்துக் குடியரசு அங்கேயே பிரகடனம் செய்யப்பட்டது. வடநாட்டார் கடல்கடந்து குடியேறிய இடங்களிலும் இப்பெயரைக் காணலாம். ஸ்கொத்லாந்தின் டிங்வால், செற்லாந்துத் தீவின் ரிங்வால், இங்கிலாந்தின் மேல்கரையிலுள்ள திங்வால் என்பன அவ்வாறு வந்த ஊர்ப்பெயர்கள். அங்கெல்லாம் பெயர் மாத்திரமே எஞ்சியது. மான் தீவில் மட்டும் 'ரின்வால்ட்' எனத் திரிந்த அப்பெயரை அத்தீவின் சட்டசபை இன்றும் தாங்குகின்றது. ஆண்டுதோறும் யூலை மாதத்தில் அச்சபை வெட்டவெளியிலுள்ள ஒரு மேட்டிற் கூடுகின்றது.