குறைந்த செலவில் நெடுந்தூரம்

பருத்தித்துறை முனையிலிருந்து வடக்கு நோக்கி ஒரு நேர்கோடு இழுத்தால், அது ஏறக்குறைய நிலத்தைத் தொடாமலே சென்னைக் கரையைச் சென்றடையும். இடையில் உள்ளது ஏறத்தாழ 225 மைல் உப்புநீர்ப் பரப்பு. கொழும்பு 200 மைல் தொலைவில் உள்ளது. ஆயின் அவ்வழி பெரும்பாலும் தரைவழி. திருச்சிராப்பள்ளியோ 125 மைலுக்கும் குறைவு. மத்திய அலையானது உலர்ந்த மண்ணில் விரைவில் தளர்ந்துபோகும். மின்சாரத்தை எளிதிற் கடத்தும் கடல்நீரின்மேல் நெடுந்தூரம் செல்லும். வடமராட்சிக் கரையின் வானொலிப் பெட்டிகளுக்கு இயற்கையே இலவசமாக அளித்த உதவி இது.

இவ்வுதவி இல்லாத இடத்தில் ஒலிபரப்புவோர் என்ன செய்வது? ஆற்றலைப் பெருக்கவேண்டும், அதற்குப் பணம் வேண்டும். கொழும்பில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923இல் இவ்விடரைத் தமக்கே உரிய முறையில் தீர்த்தார். கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு சிறிய ஒலிபரப்பி ஒன்று அமைக்கப்பட்டது. மத்திய தந்தி அலுவலக அறையிலிருந்து இசைத்தட்டுப் பாடல்கள் பரவின. போரின் எச்சம் பாட்டுக்குப் பயன்பட்டது. 1925 டிசம்பர் 16இல் முறையான சேவை தொடங்கியது.

சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924இல் அமைத்த சென்னை மாகாண வானொலிக் கழகத்துக்குத் திணைக்களத்தின் கஜானா இல்லை. 40 வாட் கருவியுடன் அது ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னர் 200 வாட் கருவியை நாடியது. ஐந்து மடங்கு ஆற்றல் என்றதும் ஐந்து மடங்கு வலிமை என எண்ணத் தோன்றும். கணக்கு அவ்வாறன்று. ஆற்றலை நான்கு மடங்காக்கினால், பெறுமிடத்தில் அலையின் வலிமை இரண்டு மடங்கே ஆகும். ஐந்து மடங்குக்கு 2.2 மடங்குதான். செலவோ அத்தகைய தள்ளுபடி எதுவும் தருவதில்லை: பெரிய வால்வு, உயர்ந்த மின்னழுத்தம், கனத்த மின்மாற்றி ஆகிய அனைத்தும் வேண்டும்.

பெருக்கியை மலிவாக வாங்க முனைந்தோர் உலகெங்கும் இக்கணக்கில் இடறியுள்ளனர். அமெரிக்காவில் 1958இல் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை பொதுமக்களின் சிறு உரையாடல்களுக்கெனத் திறக்கப்பட்டது. அனுமதிக்கப்பட்ட 4 வாட் போதாதெனக் கருதியவர்கள் பெருக்கிகளை இணைத்தனர். நல்ல பெருக்கி குரலின் ஏற்ற இறக்கங்களை அவ்வாறே பெரிதாக்கித் தரும். தரங்குறைந்ததோ, அளவுக்கு மீறி இயக்கப்பட்டதோ குரலைச் சிதைக்கும். அயல் அலைகளிலும் சிந்தும். 27இன் இரட்டிப்பாகிய 54 மெகாஹெர்ட்ஸில் அந்நாட்டின் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்று தொடங்குகிறது. அண்டைவீட்டாரின் படம் குலைந்ததில் வியப்பில்லை. 1978இல் அத்தகைய பெருக்கிகளின் உற்பத்திக்கும் இறக்குமதிக்கும் தடை வந்தது.

உண்மையில் மலிவான பெருக்கி ஏரியலே. 1916இல் எழுந்த பருத்தித்துறைக் கலங்கரை விளக்கம் ஏறத்தாழ 105 அடி உயரமானது. அவ்வுயரத்தில் ஏரியல் அமைந்தால், நேர்செல்லும் வானொலி அலைக்குக் கடல் அடிவானம் 14 மைலுக்கு அப்பால் இருக்கும். படகில் 13 அடிக் கம்பம் ஒன்று நின்றால் மேலும் 5 மைல் சேரும். கம்பத்தை உயர்த்தினால், அனுப்பும் குரலோடு கேட்கும் செவியும் கூர்மையடையும். பெருக்கி அனுப்புவதற்கு மட்டுமே உதவும். பெரிய ஆற்றலால் கூவிவிட்டு மறுமொழி கேளாது நிற்பவனுக்கு அவன் செலவிட்ட பணத்தால் என்ன பயன்?

சென்னைக் கழகம் பணமுடையால் 1927 அக்டோபரில் தன் பணியை நிறுத்திற்று. அதன் 200 வாட் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்கு மாறியது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி அதைக்கொண்டு நாள்தோறும் ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலி சென்னையில் தன் நிலையத்தைத் திறந்தது. மறு ஆண்டு மே மாதம் திருச்சிராப்பள்ளி நிலையமும் பேசத் தொடங்கியது.